செலுத்துவோரும் தெரிவுசெய்வோரும்

கடன் என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தந்து நிற்பது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் கடன். செய்தே தீரவேண்டிய ஒழுக்கமும் கடன். வட்டிக்கு வாங்கிய பணத்துக்கும், இறந்தோர்க்கு ஆற்றும் பிதிர்க்கடனுக்கும், ஏன், காலைக்கடனுக்குங்கூட ஒரே சொல்லைத் தமிழர் வழங்கி வந்துள்ளனர். அன்றாடப் பேச்சில் இதனால் இடர்ப்பாடு எதுவும் நேர்வதில்லை. ஆனால், முதுமையெய்திய பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்று கூறப்படும்போது, அச்சொல் எப்பொருளில் ஆளப்படுகின்றது என வினவுதல் அவசியமாகின்றது. ஏனெனில், முதியவர் எங்கே, எவருடன், எவ்வாறு வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு அப்பொருள் வேறுபாட்டிலேயே விடை அடங்கியுள்ளது.

இக்கேள்வி இன்று ஏட்டளவில் நிற்பதன்று. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையிலே தனித்து வாழும் எழுபத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் உளர் எனக் கொள்க. மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் இலண்டனில், இளையவர் பாரிசில். கிணற்றடியில் ஒருநாள் தாய் வழுக்கி விழுகின்றார். மாஞ்சோலை வைத்தியசாலையில் இரண்டு நாள் தங்கி வீடு திரும்புகின்றார். அன்றிரவே மூன்று நாடுகளுக்கிடையில் தொலைபேசி உரையாடல் நடைபெறுகின்றது. வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ நல்லதொரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்ப்பதென்றும், மாதக் கட்டணத்தை மூவரும் பகிர்ந்து கொள்வதென்றும் முடிவாகின்றது. அதன் பின்னரே தாய்க்கு அறிவிக்கப்படுகின்றது: “அம்மா, எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.”

இப்பிள்ளைகள் தீயவர் அல்லர். பெற்ற தாயை மறந்தவர்களும் அல்லர். பல குடும்பங்களில் இத்தகையோர் இரண்டு வேலை செய்து இப்பணத்தை அனுப்புகின்றனர். ஆகவே இங்கு எழும் அறவியற் பிரச்சினை, கைவிட்ட பிள்ளை பற்றிய வழக்கமான பிரச்சினை அன்று. அன்புடனும் பொறுப்புடனும் பணஞ் செலுத்துவோர், செலுத்துவதன் காரணமாகவே, தெரிவுசெய்யும் உரிமையையும் பெற்றுவிடுகின்றனரா என்பதே இங்குள்ள பிரச்சினை.

இதனை ஆராயப் புகுவோர் முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். வீட்டிற் பேணுதல் அன்பு, இல்லத்திற் சேர்த்தல் வணிகம் என்ற பாகுபாடே அம்மயக்கம். மேடைகளிலே இப்பாகுபாடு உரக்கப் பேசப்படுகின்றது. வரலாறு அதற்கு இடந்தருவதாயில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டத்தை நோக்குக. பெற்றோர் வாழுங்காலத்தில் ஆண்மக்கள் முதுசத்தில் உரிமை கோரல் இயலாது. மணமாகுமுன் அவர்கள் தேடிய பொருள் குடும்பப் பொதுச் சொத்தில் வந்து சேரல் வேண்டும். பெண்மக்களுக்குச் சீதனம். பிற்கால வழக்கிலே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, பெற்றோர் பெரும்பாலும் கடைசி மகளின் வீட்டிலேயோ அதனை அடுத்த வளவிலேயோ தம் இறுதிக்காலத்தைக் கழித்தனர். முதுமைக்கான செலவு அங்கும் செலுத்தப்பட்டே வந்தது. காசாகவன்றிக் காணியாகவும் வீடாகவும் வயலாகவும் செலுத்தப்பட்டது, அவ்வளவே வேறுபாடு. அரச உத்தியோகத்தில் இருந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. நெல் விதைத்தவருக்கு நிலமே ஓய்வூதியம்.

இவ்வமைப்பின் ஒரு கூறு சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. சொத்து முதியவரின் கையில் இருந்தவரை தீர்மானமும் அவர் கையிலேயே இருந்தது. உறுதி எழுதிக் கொடுத்த மறுநாளே தம் குரல் தாழ்ந்துவிட்டதை உணர்ந்த தந்தையரின் கதைகள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எண்ணிறந்தன. அதாவது, செலுத்துபவரே தெரிவுசெய்பவர் என்னும் விதி அன்றும் இருந்தது. அன்று செலுத்தியவர் முதியவர். இன்று செலுத்துபவர் மாறிவிட்டார், விதி மாறவில்லை. பழைய கூட்டுக்குடும்பத்திலே முதியோர் பெற்ற மதிப்பு முழுவதும் பண்பாட்டின் விளைவென்று கருதுவோர் அதன் பொருளாதார அடித்தளத்தைக் காணத் தவறுகின்றனர். அவ்வடித்தளத்தின் மற்றொரு பகுதி மகளதும் மருமகளதும் கூலியில்லா உழைப்பாகும். படுக்கையிற் கிடந்தவரைக் குளிப்பாட்டியவரின் பெயர் எவ்வுறுதியிலும் எழுதப்படவில்லை.

அவ்வடித்தளம் சிதைந்தமைக்கான காரணங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1983 யூலைக்குப் பின் தொடங்கிய பெருந்தொகையான புலப்பெயர்வும், மூன்று தசாப்த காலப் போரும் பெற்றோரையும் பிள்ளைகளையும் வெவ்வேறு கண்டங்களில் நிறுத்தின. போரிற் பிள்ளைகளை இழந்த முதியோர் வன்னியிற் பலர். புறநானூற்றின் 312ஆம் பாடல் ஒவ்வொருவருக்கும் உரிய கடனை வரிசைப்படுத்துவது தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததே. அவ்வரிசையிலே மகனுக்கு விதிக்கப்பட்டது போர்க்களத்துக் கடன். பெற்றோரை முதுமையிற் பேணுங் கடன் அங்குக் கூறப்படவில்லை. முள்ளியவளையில் அப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அவ்விடத்தை எளிதிற் கடந்து செல்லல் இயலாது. இவற்றோடு சனத்தொகை மாற்றமும் சேர்ந்துகொண்டது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலுமானோர் நூற்றுக்கு 7.9; 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12.6. பேணப்படவேண்டியோர் பெருக, அருகிருந்து பேணக்கூடியோர் அருகி வருகின்றனர்.

இந்நிலையில் நகரத்து இல்லம் ஒரு வழியாகத் தோன்றியமை இயல்பே. வழிகள் பலவல்ல. வட மாகாணத்தில் அரசின் பொறுப்பில் கைதடி முதியோர் இல்லம் உண்டு. ஆதரவற்றோருக்கே அது முதன்மையாக உரியது. சமய நிறுவனங்களும் அறநிலையங்களும் நடத்தும் இல்லங்கள் சில உள. கட்டணம் பெறும் தனியார் இல்லங்களைத் தேடுவோர் பெரும்பாலும் கொழும்பையோ, கடல் கடந்து சென்னையையோ நோக்குகின்றனர். நிபுணத்துவ வைத்தியரும் தனியார் வைத்தியசாலைகளும் அருகில் இருப்பது இவற்றின் சிறப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை விமான நிலையத்திலிருந்து விரைவிற் சென்று பார்க்கலாம் என்பது மற்றொரு வசதி. அவ்வசதி யாருடையது என்று கேட்போர் குறைவு.

பணத்தைப் பற்றிப் பேசுதல் இழிவென்று கருதும் பழக்கத்தால், இவ்விடயத்திற் பலர் கண்ணை மூடிக்கொண்டே இறங்குகின்றனர். மாதக் கட்டணம் என அறிவிக்கப்படுவது முழுச் செலவு அன்று. சேரும்போது வைப்புப்பணம் வேண்டப்படலாம். மருந்து, வைத்தியர் கட்டணம், அணையாடை, உடற்பயிற்சிச் சிகிச்சை, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வாகனம், இரவில் அருகிருக்கத் தனிப் பணியாள் ஆகியன வேறாகக் கணக்கிடப்படலாம். நடமாடும் நிலையிற் சேர்ந்தவர் படுக்கையில் விழுந்தால் அதே இல்லம் அவரை வைத்திருக்குமா? கட்டணம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உயரும்? செலுத்தும் பிள்ளை வேலையிழந்தால் எத்தனை நாள் பொறுப்பர்? வைப்புப்பணம் எந்நிலையில் மீளும்? இவை எழுத்தில் இருத்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்கள் பதிவுசெய்யப்படல் வேண்டும் எனக் கூறுகின்றது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தல் அவமரியாதை ஆகாது. அறிவியாது ஒருநாள் மாலையிற் சென்று, சமையலறையையும் மலகூடத்தையும் பார்ப்பது வரவேற்பறையைப் பார்ப்பதினும் பயனுடையது.

செலுத்தும் நாணயமும் கவனத்துக்குரியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை சில வாரங்களில் ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ அண்மித்தது. ஒரே இல்லத்தின் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இருவருள், வெளிநாட்டுப் பணத்தில் வாழ்ந்தவருக்கு இல்லம் மலிந்தது. உள்நாட்டு ஓய்வூதியத்தில் வாழ்ந்தவருக்கு அது எட்டாததாயிற்று. வெளிநாட்டிற் பிள்ளையோ ஓய்வூதியமோ இல்லாதவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. வருமானங் குறைந்த, 70 வயதைக் கடந்த முதியோருக்கு அரசு வழங்கும் மாதக் கொடுப்பனவை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. அத்தொகையைக் கொண்டு எந்நகரத்திலும் எவ்வில்லத்தையும் தெரிவுசெய்தல் இயலாது. தெரிவு பற்றிய இக்கட்டுரையின் விவாதம் முழுவதும் தெரிவுக்கு வசதியுடைய சிலரைப் பற்றியதே என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இனிக் கடனுக்கு மீளலாம். பெற்றோர் தமக்குச் செய்ததையே தாம் திருப்பிச் செய்வதாகப் பிள்ளைகள் கூறுவர். இது உண்மையாயின், பெற்றோர் கடன் கொடுத்தோர், பிள்ளைகள் கடன்பட்டோர். கடனைத் திருப்பிச் செலுத்துபவன், அப்பணத்தை இன்னவாறுதான் செலவிட வேண்டும் எனக் கொடுத்தவனுக்குக் கட்டளையிடல் உலகில் எங்கும் இல்லை. வங்கிக்குத் தவணைப் பணங் கட்டுபவர் வங்கியை நடத்தும் முறையைத் தீர்மானிப்பதில்லை. அப்படியிருக்க, நன்றிக்கடன் செலுத்துவதாகச் சொல்லிக்கொண்டே தாயின் இருப்பிடத்தைத் தாமே தீர்மானிக்கும் பிள்ளைகள், தம் செயலால் தம் சொல்லை மறுக்கின்றனர். கட்டளையுடன் கொடுக்கப்படுவது கடன் அன்று, அது தருமம். தருமங் கொடுப்பவன் ‘இதைக் கொண்டு சோறு வாங்கு, வெற்றிலை வாங்காதே’ என்று சொல்லுதல் உண்டு. தாய்க்கு அனுப்பும் பணம் எவ்வகையில் அனுப்பப்படுகின்றது என்பதை அறிய அனுப்புபவரின் மனத்தை ஆராய வேண்டியதில்லை. தெரிவு யாரிடம் இருக்கின்றது என்று நோக்கினாற் போதும்.

கடன் என்னும் உவமையே பொருந்தாது என வாதிட்டோரும் உளர். தந்தைக்குப் பட்ட கடனை எந்த மகனாலும் முற்றத் தீர்த்தல் இயலாது என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. ஜேன் இங்கிலிஷ் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் கடன்பட்டவர் அல்லர் என்றும், அவர்களுக்கிடையே நிலவும் நட்பும் அன்புமே கடமைகளைத் தோற்றுவிக்கின்றன என்றும் வாதிட்டார். தமிழ்ச் செவிக்கு இது கடுமையாகவே ஒலிக்கும். எனினும் இவ்விரு கருத்துகளில் எதனை ஏற்பினும் தெரிவுரிமை பிள்ளைகளிடம் மாறுவதாயில்லை. தீராக் கடனாயின் கடன்பட்டவனின் அதிகாரம் மேலுங் குறைகின்றது. நட்பாயின், நண்பனுக்கு உதவுபவன் அவனைக் கேட்டே உதவுவான்.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களுள் வலுவானது பாதுகாப்புப் பற்றியது. மீண்டும் விழுந்தால்? இரவில் மூச்சுத் திணறினால்? இவ்வச்சம் பொய்யன்று. ஆனால், ஆபத்தை எடைபோடும் ஆற்றல் முதுமையோடு தானாகவே நீங்கிவிடுவதில்லை. ஷெல் வீச்சினூடே பிள்ளைகளைக் காத்துக் கொண்டுவந்த ஒருவருக்குக் கிணற்றடியின் ஆபத்தை விளக்கவேண்டிய தேவை உண்டா? குழாய்நீரும் கைபிடிக் கம்பியும் வழுக்காத் தரையும் பொருத்துவதற்கு ஆகுஞ் செலவு கொழும்பு இல்லம் ஒன்றின் சில மாதக் கட்டணத்தினும் மிகாது. அதனை முதலில் எண்ணாமல் இடமாற்றத்தை முதலில் எண்ணுவது, அஞ்சுபவர் தம் அச்சத்தைத் தீர்க்கவே பணஞ் செலவிடுகின்றார் என்ற ஐயத்தைத் தருகின்றது.

இன்னொரு நியாயம் பெரிதும் பேசப்படுவதில்லை. ஆனால் அதுவே கனமானது. தாய் ஊரிலேயே இருக்க விரும்புகின்றார். சரி. இரவில் அவர் அழைத்தால் எழுந்து வருபவர் யார்? அடுத்த வளவிலுள்ள பெறாமகள். தன் பிள்ளைகளையும், கணவனை இழந்த தன் வாழ்க்கையையும் சுமந்து நிற்கும் அவர்மீது தாயின் தெரிவு ஒரு சுமையாக விழுகின்றது. ரொறன்ரோவில் இருப்பவர் பணத்தாற் செலுத்துகின்றார். இவர் தூக்கத்தாற் செலுத்துகின்றார். கூலிக்கு அமர்த்தப்படும் பெண்ணின் நிலையும் இத்தகையதே. அவர் வீட்டிலும் பேணப்படவேண்டிய ஒரு முதியவர் இருத்தல் கூடும். ஆகவே முதியவரின் தெரிவு எல்லையற்றது எனக் கூறுதல் ஒவ்வாது. பிறரது உழைப்பைத் தன் விருப்பத்தால் மட்டும் கட்டாயப்படுத்தும் உரிமை தாய்க்கும் இல்லை. எவ்வளவு தரமுடியும் என்பதைச் செலுத்துபவர் சொல்லலாம். எவ்வளவு செய்யமுடியும் என்பதை உழைப்பவர் சொல்லலாம். எங்கே, எவ்வாறு வாழ்வது என்பதை அவ்வெல்லைகளுக்குள் முதியவரே சொல்லுதல் வேண்டும். இம்மூவரும் பேசவேண்டிய உரையாடலில் இன்று பெரும்பாலும் பேசுபவர் ஒருவரே. அவரும் மிகத் தொலைவில் இருப்பவர்.

சட்டங்கள் இவ்விடத்து அதிகம் உதவுவதில்லை. இலங்கையின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலைத் தடுத்து, பராமரிப்புக் கோரும் உரிமையை அவர்களுக்கு அளிக்கின்றது. சிங்கப்பூர் 1995இலேயே இத்தகைய சட்டம் இயற்றியது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பேணுதல் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர், பேணப்படாதவிடத்து அக்கைமாற்றத்தை நீக்கக் கோரலாம் என்கின்றது. உறுதி எழுதியதும் குரல் தாழும் பழைய கதையை அறிந்தவர் எழுதிய பிரிவு அது. சீனா 2013இல் பெற்றோரை அடிக்கடி சென்று பார்த்தலையுங்கூடச் சட்டக் கடமையாக்கியது. இவை யாவும் கொடாத பிள்ளையை நோக்கியவை. கொடுத்துக்கொண்டே ஆளும் பிள்ளையை இவற்றிற் காணமுடியாது.

செலுத்துபவர் அரசாயின் இவ்விதி தளர்ந்துவிடும் என எதிர்பார்ப்போர் ஒன்ராறியோவை நோக்கலாம். கனடாவுக்குப் பெற்றோரை அழைப்பவர், இருபது ஆண்டுகள் அவர்களின் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்பதாக ஒப்பமிடல் வேண்டும். அங்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் மருத்துவத் தாதியச் செலவை அரசு ஏற்க, தங்குமிடத்துக்கு மாதம் 2,000 டொலர் அளவில் முதியவர் செலுத்துகின்றார். வருமானங் குறைந்தோருக்குச் சலுகையுண்டு. தனியார் ஓய்வில்லங்களில் முழுச் செலவும் குடும்பத்துக்கே. 2022இல் அம்மாகாணம் இயற்றிய சட்டமொன்று, வைத்தியசாலைக் கட்டிலில் தொடர்ந்திருக்கத் தேவையற்ற முதியவரை அவர் தெரிவுசெய்யாத இல்லத்துக்கு ஒதுக்க இடமளித்தது; வெளியேற மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் கட்டணம். அங்கும் செலுத்துபவரே தெரிவுசெய்கின்றார். ஆனால் இது தவிர்க்கவியலாத விதி அன்று. யப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை ஏற்படுத்தியபோது, நாற்பது வயதைக் கடந்தோர் யாவரையும் அதற்குப் பங்களிக்கச் செய்தது. அதுவரை முதியவரை எங்கே சேர்ப்பது என உள்ளூராட்சி மன்றமே முடிவுசெய்தது. அதன்பின் முதியவரே சேவை வழங்குவோருடன் ஒப்பந்தஞ் செய்துகொள்ளும் முறை வந்தது. தாமே முற்கூட்டிச் செலுத்தியமையால் அங்கு முதியவர் எவரது தருமத்தையும் பெறுபவராக இல்லை. வயலையும் வளவையும் தம் கையில் வைத்திருந்த பழைய முள்ளியவளை விவசாயியின் நிலை புதிய உருவில் அங்குத் திரும்பியுள்ளது எனலாம்.

முள்ளியவளை முதியோரின் தெரிவு பற்றிப் பேசுமிடத்து ஒன்றை மறத்தல் கூடாது. 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். கிழக்கு நோக்கி, குறுகிக்கொண்டே போன நிலத்தினூடே நகர்ந்து, உயிர் தப்பியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். எங்கே தங்குவது, எப்போது உண்பது, எவரோடு படுப்பது என்பவற்றைப் பிறரே தீர்மானித்த காலம் அது. மீளக்குடியமர்ந்தபோது கூரையற்ற வீட்டையும் காடு மூடிய வளவையும் அவர்கள் தம் கையால் துப்புரவாக்கினர். அத்தகைய ஒருவருக்கு, நல்ல நோக்கத்துடன் ஒழுங்கு செய்யப்பட்ட ஊர்தியில், 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ஒரு நகரத்து மூன்றாம் மாடி அறைக்குச் செல்வது என்னவாகத் தோன்றும்? வைகாசியில் முல்லைத்தீவுக் கடல்நீரை எடுத்துவந்து காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றி, அங்கிருந்து வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குச் செல்லும் வழக்கம் அவரது ஆண்டுக் கணக்கின் அச்சாணி. அவ்வறையில் வைகாசி என்பது சுவர் நாட்காட்டியில் ஒரு தாள்.

ஆயினும் ஊரே சிறந்தது என இதிலிருந்து முடிவுகட்டுதல் மற்றொரு வகையான கட்டளையாகும். எவரும் எஞ்சாத வளவில் இரவு முழுதும் விழித்திருந்து களைத்த முதியவர் ஒருவர், சகவயதினர் சூழ வாழும் இல்லத்தை விரும்பிக் கேட்டல் கூடும். அவரை இல்லத்தில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என அஞ்சி மறுக்கும் பிள்ளைகளும் உளர். அவர்களும் தாயின் வாழ்வைத் தம் பெயருக்காகச் செலவிடுகின்றனர்.

மிகக் கடினமான நிலை ஒன்று எஞ்சியுள்ளது. நினைவு தேய்ந்து, பிள்ளையின் பெயரையும் மறந்துவிட்டவரிடம் எதைக் கேட்பது? அந்நிலை வருமுன்னரே, நலமாயிருக்கும் காலத்தில், ‘நாளைக்கு உங்களுக்கு ஏலாமற் போனால் எங்கே இருக்க விருப்பம்?’ என்று கேட்டுக் குறித்துவைத்தல் அமங்கலமாகக் கருதப்படுகின்றது. கேளாமல் விட்டால் பின்னர் ஊகமே மிஞ்சும். அப்போதும் பெருந் தெரிவு நீங்கினாலுஞ் சிறு தெரிவுகள் நீங்குவதில்லை. தேநீரைக் காலை ஐந்து மணிக்கு அருந்திப் பழகியவருக்கு ஏழு மணிக்குக் கொடுப்பதா? தலைமாட்டில் எந்தத் தெய்வத்தின் படம்? பிடி சோற்றைக் கையால் உண்ண விடுவதா, கரண்டியால் ஊட்டுவதா? வைகாசிப் பொங்கலுக்கு இரண்டு நாள் ஊருக்கு அழைத்துச் செல்ல இல்லம் இசையுமா, அவ்விரு நாட்களில் அருகிருந்து தூக்கிவிட யார் வருவர், அதற்கான செலவு யாருடைய பங்கில் சேரும்? கட்டணப் பட்டியலைக் கேட்டு எழுதும் பிள்ளை அதே தாளில் இவற்றையும் எழுதிக் கேட்கலாம்.